அம்மா நிறுத்திய இடம்

காவலூர்ப் பள்ளி ஆண்டு விழாவில் நாங்கள் பாடியபோது நடுவில் பாட்டு நின்றது. உங்கள் இரண்டு பேருக்கும் அது மட்டும்தான் நினைவில் இருக்கிறது. மறுநாள், "உங்கம்மாவுக்குப் பாட்டு மறந்துபோச்சி" என்று வகுப்புப் பிள்ளைகள் கிண்டல் செய்ததாக அழுதுகொண்டே வந்தீர்கள். அன்றைக்கு அப்பாவுக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. எழுதினால் வருமா என்று பார்க்கிறேன். அம்மாவுக்கு எதுவும் மறக்கவில்லை.

எங்கள் குழுவில் அம்மாவையும் என்னையும் சேர்த்து நான்கே பேர். மேளம் கிடையாது, ஆர்மோனியம் கிடையாது, தொண்டை மட்டும்தான். பாதி பாட்டுகள் சாமை அறுப்பில் எங்கள் ஊர்க்காரர்கள் ரொம்ப காலமாகப் பாடுவது. மீதி, மூன்றாவது ஆளான ஆரம்ப சுகாதார நிலைய நர்சம்மா புதிதாகக் கட்டுவது. மலைப்பாதையில் ஏறும் பஸ்ஸைப் பற்றிக்கூட ஒன்று கட்டியிருக்கிறார். அதில் எனக்கு ஒவ்வொரு வளைவிலும் வாயாலேயே ஹார்ன் அடிக்கிற வேலை. நான்காவது ஆள், வாணியம்பாடியிலிருந்து வந்து ஜமுனாமரத்தூர் சந்தையில் துணி விற்கும் பாய். ஒருநாள் எங்கள் ஒத்திகையைக் கேட்டுக்கொண்டே கடையை மூட்டை கட்டியவர், "இன்னாப்பா இது, ஒரு கால் இல்லாத மேச மாதிரி ஆடுது?" என்று சொல்லிவிட்டு, தானே வந்து நின்றுகொண்டார். அதிலிருந்து ஒவ்வொரு சந்தை நாளும், கடை கட்டிய பிறகு, அவருடைய துணி மூட்டைகளுக்கு நடுவில்தான் எங்கள் ஒத்திகை.

பழைய பாட்டுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. ஒருவர் மூச்சு முடிவதற்குள் அடுத்தவர் அந்த வரியைப் பிடித்துவிட வேண்டும். நடுவில் இடைவெளி விழக்கூடாது. விழுந்தால் முதலிலிருந்து பாட வேண்டும். அதனால் பாடும்போது நாங்கள் அடுத்தவர் மூச்சையே கவனித்துக்கொண்டிருப்போம்.

ஆரம்பிப்பது எப்போதும் அம்மாதான். நல்ல உயரத்தில் எடுப்பாள். அப்புறம்தான் அவளுக்குக் கழுத்தில் கட்டி வந்து, வேலூரில் ஆபரேஷன் ஆனது. அப்போது நீங்கள் அமிர்தியில் சித்தி வீட்டில் இருந்தீர்கள். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவந்தது. மேலே போகிற குரல் வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். பாத்திரம் துலக்கும்போது அம்மா எதையாவது முனகிக்கொண்டே இருப்பாள் அல்லவா, அதுவும் நின்றுபோனது. "இனிமே நீங்க பாடுங்க, நான் கேக்கறேன்" என்றாள். எனக்கு அந்த வார்த்தைதான் பயமாக இருந்தது.

நர்சம்மா வீட்டுக்கே வந்து அவளை ஒத்திகைக்கு இழுத்துக்கொண்டு போனார். போனில் அம்மாவின் பழைய உயரத்துச் சுருதியை வைத்தார். அம்மா வாய் திறப்பாள், பாதி வரியில் மூச்சு குறையும். உடனே நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகப் பாய்ந்து பிடித்துவிடுவோம். அவளுக்குக் கஷ்டம் வரக்கூடாது என்ற பாசம்தான். பல வாரம் இப்படியே போனது. ஒரு சந்தை நாளில் அம்மா வெடித்துவிட்டாள்.

"நான் இன்னா தத்தித்தத்தி நடக்கற கொழந்தையா? மூணு பேரும் வுழுந்து வுழுந்து புடிக்கறீங்க! ஒரு வரிய முழுசா பாடி எத்தினி நாளாச்சி எனக்கு?"

பாய் தலையைச் சொறிந்தார். "தப்புதாம்மா. பழக்கமாப் பூட்ச்சி."

"அப்ப பழக்கத்த மாத்துங்க."

மாற்றவே முடியவில்லை பிள்ளைகளே. மூளை சொன்னாலும் தொண்டை கேட்க மாட்டேன் என்கிறது. பாய் வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு பார்த்தார். துண்டுக்குள்ளிருந்தும் பாட்டு வந்தது. அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விழாவுக்குக் கிளம்பும்போது என்னிடம் தெளிவாகச் சொன்னாள்: "மேடையிலயும் இப்டியே பண்ணீங்கன்னா நான் எறங்கிப் போய்ட்டே இருப்பேன். அதோட வுட்டுடலாம்."

மேடையில் நர்சம்மா சுருதி வைக்கப் போனை எடுத்தார். அம்மா வேண்டாமென்று தலையாட்டினாள். தன் குரல் இப்போது எங்கே இருக்கிறதோ, அங்கிருந்தே ஆரம்பித்தாள். அது நான் எப்போதும் பாடுகிற கீழ்க் குரலின் இடம்! அதற்குக் கீழே எனக்குப் போக வழியில்லை. போய்ப் பார்த்தேன், வெறும் காற்றுதான் வந்தது. பாய் வேறு வழியில்லாமல், அம்மா விட்ட மேல் இடத்துக்குத் தாவி, கீச்சுக் குரலில் பாடினார். முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள், பார்த்தேன்.

பிறகு, சாமை தூற்றக் காற்றைக் கூப்பிடுகிற வரி வந்தது. பாதியில் அம்மாவுக்கு மூச்சு முடிந்தது.

என் தொண்டைவரை பாட்டு வந்துவிட்டது. பாய் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். என்னை நிறுத்தப் பிடித்தாரா, தன்னை நிறுத்தப் பிடித்தாரா, தெரியவில்லை. நர்சம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்துவிட்டது என்று யாரோ கை தட்டினார்கள். தலைமை ஆசிரியர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். அம்மா எங்கள் பக்கமே திரும்பவில்லை. மெதுவாக மூச்சு இழுத்தாள். கழுத்துத் தழும்பு ஏறி இறங்கியது. அப்புறம் மீதி வரியைப் பாடினாள். கொஞ்சம் கரகரப்பாக, தடிமனாக, ஆனால் கடைசி எழுத்துவரை தானே பாடினாள். அதை முடித்து, அடுத்த வரியைத் தொடங்கி, அது தீருவதற்குள் எங்களைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். இப்போது பிடியுங்கள் என்று அர்த்தம். மூன்று பேரும் பிடித்தோம். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வரியையும் பிடித்ததில்லை.

நீங்கள் பார்த்த அமைதி அதுதான். அவள் மறக்கவில்லை. நாங்கள் காத்திருந்தோம். நாங்கள் அன்றைக்குச் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீங்கள் இரண்டு பேரும் தூங்கிவிட்டீர்கள். பாய் தொண்டையைத் தடவிக்கொண்டே பின் சீட்டிலிருந்து குனிந்தார்.

"ஏம்மா, அடுத்த தபா கொஞ்சம் மேல எடுக்கக்கூடாதா? என் தொண்ட கிழிஞ்சிப்போச்சி."

"எனக்கு இங்கதான் வருது பாய்," என்றாள் அம்மா. "நீங்க பழகிக்கோங்க."