மகளுக்கு ஒரு வண்டி

மகளுக்கு லைசென்ஸ் கைக்கு வந்த அன்றே அவளையும் கூட்டிக்கொண்டு மெக்கானிக் கடைக்குப் போய்விட்டேன். அவளுக்குப் பதினெட்டு வயது. அடுத்த மாதம் திண்டுக்கல்லில் நர்சிங் சேருகிறாள். எனக்குக் கொடைக்கானலில் ஒரு பள்ளி அலுவலகத்தில் கிளார்க் வேலை. கணவர் இறந்து நான்கு வருடமாகிறது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். எங்கள் வீட்டில் அதுவரை ஒரு சைக்கிள்கூட இருந்ததில்லை. இந்த மேட்டில் யார் மிதிப்பது?

மெக்கானிக் ஒரு பழைய சின்ன காரைக் காட்டினார். மலையில் வண்டி வாங்குகிறவர்கள் பெயிண்டைப் பார்ப்பதில்லை. நாலு மூட்டை உருளைக்கிழங்கை ஏற்றி, இருப்பதிலேயே செங்குத்தான மேட்டில் பாதியில் நிறுத்தி, மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். பின்னால் உருண்டால் அந்த வண்டி வேண்டாம். நான் மூட்டைக்கு எங்கே போவது? நானும் கடையில் இருந்த மூன்று பேரும் ஏறி உட்கார்ந்தோம். மகள் ஓட்டினாள். பாதி மேட்டில் நிறுத்தி எடுத்தபோது கார் ஒரு சாண்கூடப் பின்னால் உருளவில்லை.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வாராவாரம் சனிக்கிழமை மதியம் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவாள், ஞாயிறு சர்ச்சில் பூசைக்கு இரண்டு பேரும் சேர்ந்து போகலாம் என்று மனதுக்குள் எல்லாம் முடிவு செய்துவிட்டேன். மழையோ பனியோ, காருக்குள் இருப்பவளை என்ன செய்யும்?

காரை விட்டு இறங்கியதும் அவள் சொன்னாள்: "எனக்கு ஸ்கூட்டர் போதும்மா. காலேஜுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்ட்டு வரத்தான வண்டி?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கியர் இல்லாத வண்டிய வச்சுக்கிட்டு இந்த மலைல எறங்குவியா? பத்து வளைவு தாண்டுறதுக்குள்ள பிரேக் சூடாகிப் பிடிக்காமப் போயிரும்!"

பொய் சொல்லவில்லை. இங்கே இறக்கத்தில் யாரும் பிரேக்கை நம்பி இறங்குவதில்லை. கியரைக் குறைத்துத்தான் இறங்குவார்கள். ஆனால் அதையே ஒரு வாரம் அரைத்தேன். சோறு போடும்போது பிரேக், துணி மடிக்கும்போது பிரேக். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு நாள் மெதுவாகச் சொன்னாள்.

"அத ஏன்மா மலைக்குக் கொண்டாரணும்? வண்டி கீழயே கெடக்கட்டும். லீவு கெடைக்கிறப்ப நான் பஸ்ல வந்துக்கிறேன்."

அவள் தங்கப்போகிற ஹாஸ்டலில் கார் நிறுத்த இடம் கிடையாது, பெட்ரோலுக்கும் கட்டுப்படியாகாது. அவள் சொன்னதுதான் நியாயம். அதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல்.

திண்டுக்கல் ஷோரூமிலும் வாய் சும்மா இருக்கவில்லை. "ரெண்டு பேரு உக்காந்தா மேடு ஏறுமா தம்பி?" என்று கேட்டேன்.

"இந்த ஊருல மேடுன்னா மலைக்கோட்டதான்க்கா. அதுக்குப் படிக்கட்டு இருக்கு" என்றார் விற்பனைக்காரர். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

வண்டி கைக்கு வந்த அன்று என்னைப் பின்னால் உட்காரவைத்து பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனாள். நன்றாகவே ஓட்டினாள். சமதரையில் போகிறோம் என்பதே எனக்கு மறந்துவிட்டது. "ஏம்மா எம்மேல சாயுற? ரோடு நேராத்தான கெடக்கு" என்றாள். நான் அவள் தோளை விடவில்லை.

கொடைக்கானல் பஸ் தயாராக நின்றது. ஜன்னல் வழியாக, "பாத்து ஓட்டு, வெரசாப் போகாத" என்றேன்.

"நான் பாத்துக்கிறேன். நீ வீட்டுக்குப் போனதும் போன் போடு. டிவியக் கொஞ்சம் சத்தமா வச்சுக்கம்மா. வீட்டுல ஆள் இருக்க மாதிரி இருக்கும்" என்றாள்.

சரி என்று தலையாட்டினேன். பஸ் வத்தலக்குண்டைத் தாண்டி மலை ஏறத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பிரேக், பிரேக் என்று ஒரு வாரம் நான் புலம்பியது அவளை வாராவாரம் வீட்டுக்கு வரவைக்கத்தான் என்பது அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் மலைக்கு வராத ஸ்கூட்டரைக் கேட்டிருக்கிறாள்.