புள்ளி பதினொன்று

“தசமம் என்றால் பத்தை அடிப்படையாகக் கொண்ட எண்முறை.” வில்லாபுரம் வீட்டு ஹாலில் நடந்தபடியே மகள் சத்தமாக மனப்பாடம் செய்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் அத்தையின் கல்யாணம் இந்தச் சொல்லால்தான் நின்றுபோகப் பார்த்தது.

அத்தை நல்ல உயரம். அவளைவிட உயரமான மாப்பிள்ளை கிடைக்காமல் வீடே சோர்ந்திருந்தது. அப்போதுதான் மேலூரிலிருந்து ஒரு போட்டோ வந்தது. பின்பக்கத்தில் உயரம் 5.11 அடி என்று எழுதியிருந்தது. அத்தை 5.6. அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து அந்த வாரம் முழுக்கத் தசமத்தில் ஊறியிருந்த அப்பா உதட்டைப் பிதுக்கினார்.

“தசமம்னா பத்துப் பத்தாப் பிரிக்கணும். புள்ளி பதினொண்ணவிடப் புள்ளி ஆறுதான் பெருசு. மாப்ள நம்ம புள்ளையவிடக் குட்டை. வேணாம்.”

“அடிக்குப் பன்னெண்டு இஞ்சுண்ணே,” என்றாள் அத்தை.

அப்பா கேட்கவில்லை. தரகரிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டு வரச் சட்டையை மாட்டினார். அதற்குள் தரகரே மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். உள்ளே நுழைந்த மாப்பிள்ளையின் நெற்றி வாசல் நிலையில் ‘ணங்’கென்று மோதியது. அப்பா அவரை அண்ணாந்து பார்த்தபடியே நின்றார்.

“பரவால்லங்க, எங்க போனாலும் இப்படித்தான்,” என்றார் அவர், நெற்றியைத் தடவிக்கொண்டு.

அத்தை அடுக்களையிலிருந்து எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினாள். “தசமத்த அப்புறம் பாப்போம். மொதல்ல அவருக்கு இதத் தடவி விடுண்ணே.”