ஓர் ஆணிக்காக ஒரு விரால்

போன மாதம் முத்தாண்டிக்குப்பத்தில் என் மாமனார் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். ஹாலில் இருந்த படங்களையெல்லாம் கழற்றிக் கட்டிலில் அடுக்கி வைத்திருந்தார்கள். சுவர் மொட்டையாக நின்றது. அப்போதுதான் அந்த ஆணியை வெகுகாலத்துக்குப் பிறகு மறுபடியும் பார்த்தேன்.

என் ஆணி.

திரு இருதய ஆண்டவர் படத்துக்கு வலப்பக்கம், ஒரு முழம் தள்ளி. வாசலில் நுழைகிற எவர் கண்ணிலும் முதலில் படுகிற இடம். எங்கள் கல்யாண போட்டோ பதினான்கு வருடம் அங்கேதான் தொங்கியது. பிறகு ஒருநாள் அது ஸ்டோர் ரூமுக்கு, அரிசி மூட்டைக்கு மேலே, மாற்றலாகிப் போனது. காரணம்... ஒரு மீன்.

மீன் என் சகலையுடையது. பெயர் அருள்ராஜ். (சகலையின் பெயர். மீனுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, வைத்தாலும் ஆச்சரியமில்லை.) நீலகிரியில் தேயிலைக் கம்பெனி மேனேஜர். அங்கே ஏதோ ஓர் ஏரியில், வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்ட டிரவுட் என்ற மீனை, வெள்ளைக்காரன் விட்டுப்போன ஃப்ளை ஃபிஷிங் என்ற முறையில் பிடித்தார். பிடித்தோமா, வறுத்தோமா என்று இருந்திருக்கலாம். போட்டோ எடுத்தார். ஃப்ரேம் போட்டார். மாமனாருக்குப் பரிசளித்தார்.

முதல் வருடம் அந்த மீன் ஒன்றேகால் கிலோ. அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஒன்றே முக்கால். இந்த வருடம் இரண்டரை. செத்த பிறகும் சீராக எடை கூடும் உயிரினம் பற்றி நான் படித்த எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது.

இன்னோர் ஆணி அடித்தால் பிரச்சினை தீர்ந்தது என்பீர்கள். நானும் சொன்னேன். என் மாமனார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஆணி அடித்தால் பூச்சு பெயர்ந்துவிடும் என்பது அவர் கட்சி. அந்தச் சுவருக்கு ஆண்டவர், அவருக்குப் பக்கத்தில் ஒருவர், அவ்வளவுதான் கொள்ளளவு.

அன்றைக்குச் சகலையும் வந்திருந்தார். சாப்பாட்டின் நடுவே நான் வாயை விட்டேன். எங்கள் நெய்வேலியில், சுரங்கத்திலிருந்து இறைத்துவிடும் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் இருக்கும் விராலைப் பார்த்தால் இந்த டிரவுட் எழுந்து நின்று வணக்கம் சொல்லும் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. மாமனார் மோர் தம்ளரைக் கீழே வைத்தார்.

“அப்ப சரி மாப்ள. இதே மாதிரி தூண்டில்ல, இதைவிடப் பெரிய மீனு வந்து, போட்டோவும் வந்துச்சுன்னா ஆணி அதுக்குத்தான். வர்ற ஞாயித்துக்கெழம சாயங்காலம் படம் மாட்டுறோம்.”

சொன்னதோடு விடவில்லை. காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் நிபந்தனைகளை எழுதிக் கையெழுத்தும் போட்டார். சகலை பெருந்தன்மையோடு கார் டிக்கியிலிருந்து தன் பழைய ஃப்ளை ராடை எடுத்துவந்து கொடுத்தார். கூடவே ஐந்து ஈக்கள்.

“வலை போடறது, மந்தாரக்குப்பம் மார்க்கெட்டுல வாங்கிட்டு வந்து புடிச்சேன்னு சொல்றதெல்லாம் செல்லாது சகல” என்றார். என்னைப் பற்றி எவ்வளவு துல்லியமான மதிப்பீடு!

வீடு திரும்பும்போது என் மனைவி ஸ்டெல்லாவிடம், உன் கல்யாண போட்டோவுக்காகத்தான் இந்தப் போராட்டம் என்றேன். ஸ்கூட்டரின் பின்னாலிருந்து பதில் வந்தது: “அது ஸ்டோர் ரூம்லயே இருக்கட்டும். அதுல நான் கண்ண மூடிகினு இருக்கேன்.”

ஆக, போராட்டம் எனக்கு மட்டும்தான். பரவாயில்லை. மூத்த மருமகன் என்று ஒருவன் இருக்கிறான் என்பதற்கு அந்த வீட்டில் ஏதாவது ஒரு தடயம் வேண்டாமா?

இந்த ஃப்ளை ஃபிஷிங் என்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன். புழு கிடையாது. இறகையும் நூலையும் முள்ளில் கட்டி, ஈ மாதிரி ஒரு பொய் செய்வார்கள். அதற்குக் கனமே இருக்காது என்பதால் அதை வீச முடியாது. கயிற்றை வீச வேண்டும். கயிறு தலைக்கு மேல் பின்னால் போய், முன்னால் வந்து, ஈ பூப்போல் தண்ணீரில் உட்கார வேண்டும். வீடியோவில் பார்த்தால் நாட்டியம். குவார்ட்டர்ஸ் கொல்லையில் நான் செய்து பார்த்தபோது... வீடியோ எடுக்கவில்லை என்பதே நிம்மதி.

முதல் நாள் பிடித்தவை: பலாமரம், துணி காயப்போடும் கொடி, பக்கத்து குவார்ட்டர்ஸ்காரரின் லுங்கி. லுங்கி கொடியில் இருந்ததா என்று கேட்காதீர்கள். மூன்றாம் நாள் என் சட்டைக் காலரையே பிடித்து, கொஞ்ச நேரம் என்னோடு நானே போராடினேன். வியாழக்கிழமைக்குள் ஐந்து ஈக்களும் மரத்துக்குப் போய்விட்டன. பலாமரத்தில் டிரவுட் இருந்திருந்தால் ஒன்றாவது மாட்டியிருக்கும்.

ஆறாவது ஈயை நானே செய்தேன். இறகு கொடுத்தவர் கோவிந்தராசு. என் ரிலீவர்.

ஷிஃப்ட் பார்க்காத வாசகர்களுக்காக: நான் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருப்பவன். காலை ஷிஃப்ட் முடிந்து மதியம் இரண்டு மணிக்கு என்னை விடுவிக்க வருபவர் கோவிந்தராசு. அவர் வராமல் நான் நாற்காலியை விட்டு எழக்கூடாது. வந்தவுடன், பெல்ட் எப்படி ஓடுகிறது என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லி ஒப்படைத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். அந்த நிமிடத்தோடு என் கவலை அவர் கவலை. கல்யாணம் உட்பட வேறெந்த உறவிலும் இவ்வளவு சுத்தமான ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

கோவிந்தராசுவுக்குப் பக்கத்துக் கிராமம். மாடு உண்டு, கொஞ்சம் முந்திரி உண்டு, சேவல் உண்டு. நான்கு இறகுகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். “ரெண்டு நாளா என்னப் பாத்தாலே ஓடுது சார்” என்றார். நூலுக்கு என் பழைய சேஃப்டி ஜாக்கெட்டின் ஆரஞ்சுப் பட்டையைப் பிரித்தேன். இருட்டிலும் மின்னுகிற, பாதுகாப்பு விதிகளுக்கு முழுக்க உட்பட்ட ஈ. உலகத்தில் அது ஒன்றுதான் இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை. எனக்கு வாராந்திர ஆஃப். முதல் பூசை பார்த்துவிட்டு எட்டு மணிக்கு வாய்க்கால் கரையில் நின்றேன். எட்டு முதல் பன்னிரண்டு வரை நடந்ததை எழுதினால் ஆசிரியர் இந்தப் பக்கத்தைக் காலியாகவே அச்சடிக்க வேண்டியிருக்கும்.

பன்னிரண்டேகாலுக்கு ஈயை வீசினேன். முதன்முறையாக அது பூப்போல் உட்கார்ந்தது. தண்ணீர் ஒரு வாளி அளவுக்கு மேலே எழும்பியது. கையிலிருந்த ராட் கேள்விக்குறியாக வளைந்தது.

இதுவரை எழுதியதெல்லாம் நிஜம். இனி எழுதப்போவது அதைவிட நிஜம்.

விரால். என் தொடை தடிமன் என்று எழுதத்தான் ஆசை; என் தொடையைப் பார்த்தவர்கள் மீனைக் குறைத்து மதிப்பிடுவார்கள். அந்த மீன் என்னை ஒரு மதகிலிருந்து அடுத்த மதகுவரை இழுத்துக்கொண்டு போனது. அந்தத் தூரத்துக்கு பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் கிழிப்பார்கள். அங்கிருந்து திரும்ப இழுத்துக்கொண்டு வந்தது—என் செருப்பு முதல் மதகிலேயே இருந்தது என்பதால் அந்த உதவியை மறுக்கவில்லை. விரால் மேலே வந்து காற்று வாங்குகிற மீன். அவ்வப்போது தலையைத் தூக்கி மூச்சு வாங்கும். அதே நேரத்தில் நானும் வாங்கினேன். அந்த இடைவேளைகளில் எங்கள் இருவருக்கும் ஒருவிதப் புரிதல் உண்டாயிற்று என்றே நினைக்கிறேன். ஒருமுறை எதிர்க்கரை எருமை ஒன்று எழுந்து, எங்களுக்கு வழிவிட்டு, வேறு இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

ஒரு மணி. ஒன்றரை. முதுகு போனது, தோள் போனது, வேட்டி போகும் நிலையில் இருந்தது. ஆனால் மீன் தளர்ந்துவிட்டது. கரைக்கு நாலு முழம். மூன்று முழம். மனக்கண்ணில் அந்த ஆணி தெரிந்தது. அதில் நான், மார்போடு அணைத்த விராலோடு, சிரித்துக்கொண்டு...

அப்போது சுரங்கத்தில் இரண்டு மணி ஷிஃப்ட் சங்கு ஊதியது.

கரைமேல் புல்லறுக்க வந்த கோவிந்தராசு—அவருக்கும் அன்று ஆஃப்—அரிவாளைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். இருபத்தெட்டு வருடமாக இரண்டு மணிக்கு எந்த இடத்தில் நிற்பாரோ, அந்த இடது தோள் ஓரம்.

“என்ன சார், எப்பிடி ஓடுது?”

“லோடு ஃபுல்லா இருக்கு. லைன்ல டென்ஷன் ஜாஸ்தி. இழுத்தா விட்டுக் குடுங்க. மத்தபடி நார்மல்.”

“சரி சார். நீங்க கெளம்புங்க.”

கிளம்பிவிட்டேன்.

சத்தியமாக. ராடை அவர் கையில் கொடுத்து, வாய்க்காலில் கை கழுவி, ஸ்கூட்டரை எடுத்தேன். வழியில் விரல் வைக்கிற அட்டென்டன்ஸ் மெஷினைத் தேடியதாகக்கூட லேசாக ஞாபகம். வேலை முடிந்த மனிதனுக்குரிய நிம்மதியோடு வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்தேன்.

ஸ்டெல்லா கேட்டாள்: “மீனு?”

“கோவிந்தராசு பாத்துப்பாரு” என்றேன்.

வாயில் வைத்த கவளம் அப்படியே நின்றது.

திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. கோவிந்தராசு புன்னகையோடு வரவேற்றார். நான் போன ஐந்தாவது நிமிடமே மீன் கரையேறிவிட்டதாம். சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவி போனில் போட்டோ எடுத்திருக்கிறார். பார்த்தேன். என்ன படம்! கோவிந்தராசுவின் நெஞ்சிலிருந்து முழங்கால் வரை மீன். மீனின் வாயில் ஆரஞ்சு நிறத்தில் மின்னும் என் ஈ.

மீன் எங்கே, நானும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்று பரபரத்தேன்.

“சரிபாதியா அறுத்துட்டேன் சார். உங்களுக்குத் தலப் பக்கம் வச்சிருக்கேன்” என்றார். நியாயமான மனிதர். அந்த நியாயத்தைப் பத்து நிமிடம் தள்ளிப்போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

அந்தப் பாதி எங்கள் வீட்டு எந்தப் பாத்திரத்திலும் அடங்காமல், துணி ஊறவைக்கிற டப்பில் போய், எங்கள் பிளாக் முழுக்கக் குழம்பானது வேறு கதை. அன்று சாயங்காலம் நான் கோவிந்தராசுவையே சாட்சியாக ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு முத்தாண்டிக்குப்பம் போனேன். மாமனார் கண்ணாடியை மாற்றிக்கொண்டு போனில் இருந்த படத்தைப் பார்த்தார். சகலையின் டிரவுட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“மீனு பெருசுதான் மாப்ள. நீங்க எங்க?”

நடந்ததைச் சொன்னேன். ஒன்றே முக்கால் மணி நேரம் உழைத்தது நான், இவர் வெறும் ஐந்து நிமிடம் என்று வாதாடினேன். மாமனார் சாட்சியைப் பார்த்தார். கோவிந்தராசு பொய் சொல்லத் தெரியாதவர்.

“சாருதாங்க ஃபுல்லா பாத்தாரு. ஆனா எங்க வேலையில, எந்த ஷிஃப்ட்ல வெளிய வருதோ அந்த ஷிஃப்ட் பேர்லதாங்க எழுதுவாங்க.”

எத்தனையோ முறை முந்தைய ஷிஃப்ட்காரன் விடிய விடியத் தோண்டியதை நான் வந்து என் பேரில் எழுதிக்கொண்டவன்தானே?

மாமனார் காலண்டர் தாளை எடுத்து நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். அதே தூண்டில்—சரி. பெரிய மீன்—சரி. போட்டோ—சரி. பிடித்தவர் மருமகனாக இருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. தலைமையாசிரியர்கள் எழுதியதைத்தான் திருத்துவார்கள். எழுதாமல் விட்டதற்கு மார்க் போட மாட்டார்கள்.

மறுவாரம் படம் பெரிதாகப் பிரிண்ட் ஆகி, கண்ணாடி போட்டு, ஆணியில் ஏறியது. டிரவுட் ஸ்டோர் ரூமுக்குப் போய் எங்கள் கல்யாண போட்டோவோடு சேர்ந்துகொண்டது. அந்த அளவில் வெற்றி. சகலை மலையிலிருந்து போன் செய்து, யார் சகல அந்த ஆளு என்று குரல் நடுங்கக் கேட்டார். அந்த நடுக்கத்தை நான் பலமுறை மனத்துக்குள் போட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

போன ஞாயிறு மாமனார் வீட்டில் ஒரு விருந்து. தன் படத்தைப் பார்க்க மனைவியோடு கோவிந்தராசுவும் வந்திருந்தார். அவருக்கு ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி. முதல் காபி அவருக்கு. சென்னையிலிருந்து வந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இவர்தான் மூத்த மாப்பிள்ளையா என்று கேட்டார்.

“இல்லீங்க, அவரோட ரிலீவரு” என்றார் என் மாமியார்.

சமையல்கட்டிலிருந்து வடைத் தட்டோடு வந்த ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். “அதான் ரிலீவரு வந்துட்டாரே. இன்னும் ஏன் ஒக்காந்துகினு இருக்கீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் அதற்குள் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போயிருந்தேன்.