கப்பிக் கயிற்றில் ஏறிய கை

சட்டையில் கையை நுழைக்கிற கைக்குழி என்று ஒரு இடம் இருப்பதை, அது உங்களைக் கடிக்கிற வரைக்கும் எப்பவாவது நினைத்துப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் தையல் தொழிலில் புகழெல்லாம் கழுத்துக்குப் போகும், பழியெல்லாம் கைக்குழிக்கு வரும். நான் வட்டுக்கோட்டைப் பக்கத்தில் வீட்டிலிருந்தே பெண்டுகளுக்குச் சட்டை தைக்கிறவள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட கால்மிசினில் இருந்து படித்தது கூட. ஆனால் கைக்குழியைப் பற்றி முழுப் பாடமும் படித்தது, எனக்கு மார்பில் கட்டி வந்து வெட்டின பிறகுதான்.

குளிக்கும்போது வலது மார்பில் புளியங்கொட்டை போல ஒன்று கையில் தட்டுப்பட்டது. நோகவில்லை. நோகவில்லை என்பதாலேயே பயந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தக் காலத்தில் மார்பை முழுக்க எடுத்துவிடுவதுதான் வழக்கம். நேரத்தோடு வந்தபடியால் கட்டியையும், கக்கத்துக்குள் இருந்த சில நெறிக்கட்டிகளையும் மட்டும் எடுத்தார்கள். ஆஸ்பத்திரித் துண்டு எழுதி என்னை வீட்டுக்கு விடும்போது டொக்டர் சொன்னார்: "மிச்சத்துக்குக் கொழும்பிலை கதிர் மிசினாலை கறண்ட் பிடிக்கவேணும். மிசினுக்குக் கீழை படுக்கேக்கை கை தலைக்கு மேலை இருக்கவேணும். உந்தக் கையோடை போனால் திருப்பி அனுப்பிப்போடுவினம். கனக்கப் பிந்தவும் கூடாது."

'உந்தக் கை' அப்போது என் இடுப்பைவிட்டு ஒரு சாண்கூட எழும்பாது. அது சண்டைக் காலம். கொழும்புக்குப் போகிற காங்கேசன்துறை ரயிலும் ஓடினால் ஓடும், நின்றால் நிற்கும். ரயில் ஓடும்போது கை ஏறியிருக்கவேணும். என் மகளுக்கு அப்போது நாலு வயது. ஆகவே கை ஏறத்தான் வேணும் என்று முடிவு கட்டினேன். என்னைப் போலக் கத்தி பட்ட சகோதரிகள் இதை வாசிப்பீர்கள். உங்களுக்கு உதவினால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள்.

உள்பக்கம் வெளியே

வீட்டில் தலையால் போடுகிற நீளச் சட்டை, சோட்டி, ஒன்றும் எனக்குச் சரிவரவில்லை. கையைத் தூக்கினால்தானே போடலாம்! இருந்த சோட்டிகளில் நல்லதாக ஒன்றை எடுத்து, கழுத்திலிருந்து கீழ்வரை நடுவால் வெட்டி, பொத்தான் வைத்தேன். என் மனுசனின் தாய், மாமி, பார்த்துக்கொண்டிருந்தா. வெட்டின சத்தத்துக்கு அவவுக்குத்தான் நொந்தது. கைக்குழியை அகலமாக்கி, உள்ளே இவருடைய பழைய வேட்டித் துண்டை வைத்துத் தைத்தேன். பலதரம் தோய்த்த வேட்டியைப் போல மெதுவான துணி உலகத்தில் இல்லை.

அப்படியிருந்தும் தையல் விளிம்பு காயத்தில் உரஞ்சியது. ஒருநாள் பொறுமை கெட்டு, சட்டையைக் கழற்றி மறுபக்கமாகப் போட்டேன். உள்பக்கம் வெளியே வந்தது, உரஞ்சலும் நின்றது. அந்த நேரம் பார்த்து எங்கள் பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒருவர் அளவுச் சட்டையோடு படலையைத் திறந்துகொண்டு வந்தா. என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தா. நான் காரணத்தைச் சொல்ல வாய் எடுக்குமுன்னம் தன் அளவுச் சட்டையைத் திரும்பச் சுருட்டினா.

"பிள்ளை, தைக்கிற நீரே எது உள்பக்கம் எண்டு தெரியாமல் நிண்டால், நான் என்ன நம்பிக்கையிலை துணியைத் தாறது?"

கைக்கு ஒரு தலையணை

படுப்பதுதான் பெரிய பாடு. கட்டிலில் சரிந்தால் கை மார்பில் வந்து விழும், விழுந்தால் உயிர் போகும். சாய்மனைக் கதிரையில்தான் நித்திரை. வெட்டுத் துணிகளைப் பொருத்தி, மூன்று மூலையாக ஒரு சின்னத் தலையணை தைத்து, இலவம் பஞ்சை இளக்கமாக அடைத்து, கக்கத்துக்குள் வைத்துக்கொண்டேன். அது என்னோடு அடுப்படிக்கும் வந்தது, பஸ்ஸுக்கும் வந்தது. பஸ்ஸில் ஆட்கள் இடிக்கும்போது தலையணைதான் இடி வாங்கும்.

மகளைத் தூக்கக்கூடாது என்று கட்டளை. அவள் வந்து மடியைப் பார்ப்பாள், நான் கதிரைச் சட்டத்தைப் பார்ப்பேன். பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். தலையணையைத் தன் பிள்ளையாக்கி, அதற்குப் பக்கத்தில் கதிரை விளிம்பில் தானும் தொற்றிக்கொள்வாள். ஒரு மத்தியானம் இவர் தோட்டத்திலிருந்து வந்து வெங்காய விலையைச் சொல்லத் தொடங்கினார். மகள் வாயில் விரல் வைத்து அவரை அதட்டினாள்.

"அப்பா, கதையாதையுங்கோ. அம்மாவின்ரை கை இப்பத்தான் நித்திரையாப் போகுது."

துணி மட்டும்

எங்கள் ஊரில் வருத்தக்காரரைப் பார்க்க வெறுங்கையோடு வரமாட்டார்கள். பாணும் பிஸ்கற்றும் வந்து குவிந்தன. அதோடு புத்திமதியும் வந்தது. கத்தரிக்காய் கிரந்தி, இறால் கிரந்தி, நண்டு பெருங்கிரந்தி, தின்றால் காயம் பொங்கும் என்று ஆளுக்கொன்றை விலக்கினார்கள். கடைசியில் எனக்கு மிஞ்சியது பாணும் பிஸ்கற்றும்தான். நோயின் பெயரை மட்டும் ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். "அந்த வருத்தம்" என்பார்கள். சொல்லும்போது முகத்தைப் பார்க்காமல் என் சட்டைப் பொத்தானைப் பார்ப்பார்கள்.

மூளாய் ஊரிலிருந்து ஒரு அம்மா வந்தா. மகளுடைய கலியாணத்துக்குச் சட்டை தைக்கத் துணி தந்தவ. கதிரை நுனியில் இருந்து, என் காயத்தை விசாரித்து, என் பிள்ளையை விசாரித்து, எங்கள் ஆட்டையும் விசாரித்தா. விசயம் வேறு என்று எனக்கு விளங்கிவிட்டது. நான் இனி எழும்பமாட்டேன் என்று ஊரில் யாரோ சொல்லியிருக்கவேணும். அலுமாரியைக் காட்டி, "கலியாணத்துக்கு முதல் தைச்சுத் தருவன் அம்மா, கை மேலை போகாட்டியும் மிசினுக்கு எட்டுந்தானே" என்றேன். அவ எழும்பி என் தலையைத் தடவினா. கண் கலங்கித்தான் இருந்தது, பொய்யில்லை.

"அதுக்கென்ன பிள்ளை, நீ சட்டையை ஆறுதலாய்த் தை. இப்ப துணியை மட்டும் தந்துவிடு."

துணியைக் கொடுத்தேன். அவ படலை தாண்டினதும் சுவரடியில் போய் நின்று விரல்களால் ஏறினேன். கிளினிக்கில் நேர்ஸ் காட்டித் தந்தது அது: சுவரில் விரல்களைச் சிலந்தி போல நடத்தி, ஏறின உயரத்துக்குத் தையல் சோக்கால் ஒரு கோடு. கோபத்தில் அன்றைக்குக் கோடு தோளுக்கு வந்தது.

என்னையும் சேர்த்துத் தைத்தது

தையல்காரிகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஊசியை வைக்க இடம் தேடமாட்டோம், போட்டிருக்கிற சட்டையின் நெஞ்சில் குத்திவிடுவோம். எனக்கோ காயத்தைச் சுற்றியும் கையின் பின்பக்கமும் மரத்துப்போய்க் கிடந்தது. தொட்டால் அயல் வீட்டுக்காரியைத் தொட்டது போல இருக்கும். அந்தக் கையில் ஊசி படக்கூடாது, சின்னக் காயம் பட்டாலும் கை வீங்கும் என்று நேர்ஸ் படித்துப் படித்துச் சொன்னவ. அதற்காக விரலில் தகரக் கூடு போட்டுத்தான் தைத்தேன். நெஞ்சை மறந்துபோனேன்.

பக்கத்து வளவுப் பூமணியக்காவின் சட்டைக்குப் பொத்தான் தைத்து முடித்து, வழமை போல ஊசியைக் குத்திவிட்டு, நூலை அறுக்காமல் எழும்பினேன். அவவின் சட்டையும் நூலில் தொங்கிக் கூடவே எழும்பியது. இழுக்க இழுக்க வந்தது. என் நெஞ்சில் ஒரு சிவப்புப் பொட்டு விரிந்ததை நான் பார்க்கவில்லை, பூமணியக்காதான் பார்த்தா. ஓடிவந்து ஊசியைப் பிடுங்கி, உப்புத் தண்ணீரால் துடைத்து, எனக்கு நோகவில்லை என்று கண்டபிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றா.

"எடியே, பொத்தானைத்தான் என்ரை சட்டையோடை தைக்கச் சொன்னனான். உன்னையும் சேர்த்துத் தைச்சால், உன்ரை மனுசனுக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது?"

அன்றைக்கே பஞ்சு அடைத்த ஊசிமெத்தை ஒன்றைத் தைத்து இடது மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன். நீங்களும் கட்டுங்கள்.

வாளியில்லாத கயிறு

தோளுக்கு வந்த கை அங்கேயே நின்றுவிட்டது. கக்கத்துக்குள் நரம்புகள் தம்புரா போல இழுத்துப் பிடித்தன. நேர்ஸ் புதிதாக ஒன்று சொன்னா: கூரை வளையில், குறுக்கு மரத்தில், ஒரு கயிற்றை மாட்டி, ஒரு முனையை நல்ல கையிலும் மறு முனையை நோகிற கையிலும் பிடித்து இழு, நல்ல கை கீழே வர நோகிற கை தானாக மேலே போகும். மாமியிடம் சொன்னேன். வீட்டு வளையில் கயிறு தொங்குவதா! அவவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "பார்க்கிற சனம் என்ன நினைக்கும்?" என்றா. அதிலும் நியாயம் இருந்தது.

கயிறும் சில்லும் ஏற்கெனவே இருக்கிற இடம் கிணற்றடி. வாளியை அவிழ்த்து வைத்துவிட்டுக் கப்பிக் கயிற்றின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டேன். கீச், கீச். ஏற, இறங்க. பல்லைக் கடித்துக்கொண்டு காலையும் மாலையும் இதே வேலை. வேலிக்கு அந்தப் பக்கம் பூமணியக்காவின் புருசன் சின்னத்தம்பியண்ணை இருந்தார். கப்பிச் சத்தம் கேட்கிறது, தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தவருக்குக் கயிற்றில் வாளியும் இல்லை. உடனே பாதாளக் கரண்டியோடு வந்துவிட்டார். கிணற்றில் விழுந்த வாளியைக் கொழுவி எடுக்கிற இரும்புக் கொக்கிதான் அது. "விடு பிள்ளை, வருத்தக்காரி நீ. வாளியை நான் எடுத்துத் தாறன்."

கக்கம், மார்பு என்று ஒரு ஆம்பிளைக்கு எப்படி விளங்கப்படுத்துகிறது? "ஓம் அண்ணை, தேடுங்கோ" என்றேன். வாளி வாழைக்குப் பின்னால் இருந்தது. அதைக் காலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன். மனுசன் வேர்த்து விறுவிறுக்கத் துழாவினார். கொக்கியில் ஏதோ மாட்டியது. தண்ணீர் குடிக்கிற மூக்குப்பேணி, பாசி பிடித்தபடி. காணாமல் போனதென்று மாமி வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கக் குத்துக்கதை கதைத்து வந்த அதே பித்தளைப் பேணி. அதைச் சேற்றோடு கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு, அடுப்படியில் நின்ற மாமிக்குக் கேட்கத்தக்கதாகச் சொன்னார்.

"வாளியைக் காணேல்லை பிள்ளை. ஆனால் என்ரை மனுசி களவெடுத்த பேணி உங்கடை கிணத்துக்குள்ளைதான் கிடக்கு."



பங்கருக்குள்

கை காதுக்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம்தான். விட்டால் இறுகிவிடும் என்று எங்கே சுவர் கண்டாலும் விரலை ஏற்றினேன். கோயில் மதில், பஸ் தரிப்பு, பலசரக்குக் கடைத் தூண் என்று ஒன்றையும் விடவில்லை.

ஒரு பின்னேரம் அரசாங்கத்து ஹெலிகொப்டர் வந்தது. எல்லாரும் வளவில் பதுங்க வெட்டின பங்கருக்குள் இறங்கினோம். இரண்டு வீட்டு ஆட்களும் ஒரு குழிக்குள். மகள் இவருடைய மடியில், தலையணை மகளுடைய மடியில். மேலே சுட்டுக்கொண்டே சுற்றினான். எனக்குக் கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. முன்னால் மண்மூட்டைச் சுவர். விரல்கள் தாமாக ஏறத் தொடங்கின. காது, நெற்றி, பிறகு உச்சி. அதுவரை போகாத இடத்துக்குக் கை போய் நின்றது. நான் அதையே பார்த்தேன். முழங்காலுக்குள் தலையை வைத்திருந்த பூமணியக்கா ஒரு கண்ணால் என்னைப் பார்த்தா.

"கையைக் கீழை விடடி. சரணடையிறதெண்டால் ரெண்டு கையையும் தூக்கவேணும்."

குழிக்குள் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். இவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார், மண் விழுந்துவிட்டதாம்.

கொழும்பில்

ரயில் ஓடுகிறது என்று கேள்விப்பட்ட உடனே வெளிக்கிட்டோம். மகளை மாமியிடம் விட்டோம். வழி நெடுகச் சோதனை. இவர் அடையாள அட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், நான் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். எதிரில் இருந்தவர் நான் சாமான் தட்டில் எதையோ தேடுகிறேன் என்று எழும்பி உதவ வந்தார்.

கொழும்பு ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய அறை. நடுவில் மிசின், அதன் கீழே ஒரு ஒடுங்கிய மேசை. முன்பொத்தான் சட்டையை யாருடைய உதவியும் இல்லாமல் கழற்றினேன். அங்கே வேலை செய்த நேர்ஸ் மலையகத்துத் தமிழ்ப் பிள்ளை. கையை மேலே வைக்கச் சொல்லுமுன்னம் நான் வைத்துவிட்டேன். வலித்தது, ஆனால் தலைக்கு மேலே கிடந்தது, அசையவில்லை. மார்பில் மையால் கோடு போட்டார்கள். நான் துணியில் போடுகிற கோட்டைவிட அது கோணல்தான், வாயைத் திறக்கவில்லை. பிறகு எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்கள். மிசின் இரைந்தது. கை நடுங்கினால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று மறுகையால் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இரைச்சல் நின்றதும் எனக்குத் தெரியவில்லை, கதவு திறந்ததும் தெரியவில்லை.

ஊரில் கண்ட சுவரிலெல்லாம் தூக்கு தூக்கு என்று நான் தூக்க வைத்த கையிடம், கடைசியில் அந்தப் பிள்ளை வந்து குனிந்து கெஞ்சவேண்டியதாய்ப் போயிற்று: "முடிஞ்சிருச்சும்மா, அடுத்த ஆளு காத்துக்கிட்டு இருக்காங்க, தயவுசெஞ்சு கைய இறக்குங்க."