பிப்ரவரிக்கு முந்தைய ஜூன்

பத்திரக் காப்பறையில் இருபத்தாறு வருஷம் நகல் எழுதியவரை நாங்கள் கறார் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். என் மேசைக்கு அடுத்த மேசை. என்னைவிட இரண்டு மாதமும் ஒன்பது நாளும் இளையவர், ஆனாலும் அக்காதான்.

பதினொரு வீடுகளுக்கு இருந்த ஒரே வழியைக் கிடங்கு முதலாளி அடைக்கப் பார்த்தார். சான்றாக இரண்டு பழைய பத்திரங்கள், இரண்டும் 1748. ஜூனில் எழுதியதில், நிலத்துக்காரர் அந்த இடத்தைப் பொதுவழியாகக் கொடுத்திருந்தார். பிப்ரவரியில் எழுதியதில், அதே இடத்தை முதலாளியின் முன்னோருக்கு விற்றிருந்தார். விற்பனைதான் முதலில் நடந்தது என்றால், பொதுவழி செல்லாது.

விசாரணைக்கு அனுப்ப, பிப்ரவரியை மேலே போட்டுப் பத்திரப் பட்டியல் எழுதியவன் நான். அதையும் இங்கே பதிந்துவிடுகிறேன். எங்கள் சூப்பிரண்டு அந்தப் பட்டியலை அக்காவின் கையெழுத்துக்கு நீட்டினார்.

"மாட்டேன் சார். ஜூன்தான் முந்தி."

"ஏம்மா, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகூடப் பிப்ரவரிக்கு அப்புறம்தான் ஜூன்னு சொல்லும்."

"அப்ப அந்தப் பிள்ளையையே கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

அந்தக் காலத்தில் இங்கே ஆங்கிலேயக் கம்பெனிக் கணக்கில் வருஷம் பிறந்தது மார்ச் 25இல். டிசம்பர் முடிந்தாலும் ஆண்டு எண் மாறாது. ஜனவரியும் பிப்ரவரியும் அதே ஆண்டின் வால். எனக்கு அது தெரியும். தெரிந்தும் கை பழக்கத்தில் ஓடிவிட்டது.

"உன்னை வேற ஊருக்கு மாத்திடுவேன்."

"மாத்துங்க சார். வருஷத்தை மட்டும் மாத்தாதீங்க."

விசாரணை அன்று தடித்த பதிவேட்டைத் தானே சுமந்து போய் அதிகாரி முன் வைத்தார். "நீங்களே சத்தமா வாசிங்க ஐயா."

வாசித்தார். ஜூன் பத்திரம், வரிசை எண் 212. டிசம்பர் 1748 முடிந்து தாளைப் புரட்டினால் ஜனவரி 1748. பிப்ரவரிப் பத்திரம், எண் 341. பிறகு மார்ச் 24, 1748. அதற்கு அடுத்த வரி, மார்ச் 25, 1749.

"எழுதினவன் தூக்கத்துல எழுதியிருப்பான்" என்றார் முதலாளியின் வக்கீல்.

"அதுல மூணு பேர் கையெழுத்து இருக்கு. மூணு பேரும் சேர்ந்தா தூங்கினாங்க? முந்தின பத்து வருஷப் பதிவேட்டையும் தூக்கிட்டு வரட்டா?"

வழியை யாரும் அடைக்கக் கூடாது என்று உத்தரவானது.

மறுவாரம் அக்காவின் பணிப்பதிவேட்டில் சூப்பிரண்டு 'பணிவு போதாது' என்று எழுதிக் காட்டினார். அக்கா நிதானமாகப் படித்தார்.

"தேதி போடலையே சார்" என்று பேனாவை நீட்டினார்.