அறிவிக்காத பத்து நாட்கள்

என் மகன் உதைத்த பந்து கீழே வர நேரம் எடுக்கும். அவனிடம் இருந்த வித்தை அவ்வளவுதான். சிட்னியின் பிளாக்டவுன் மைதானத்தில் குளிர்காலச் சனிக்கிழமைகளில் ஓரமாக நின்று மனதுக்குள் எண்ணுவேன்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பந்து இன்னும் மேலேயே நிற்கும். ஓரிடத்தில் இருக்கமாட்டாதவள் நான். வீட்டுக் கதிரைகள் நான் உட்கார்ந்து கண்டதில்லை. அந்த நான்கு நொடிகள் மட்டும் அசையாமல் நின்றிருக்கிறேன்.

ஆஸ்திரேலியப் புட்போல் ஆடி வளரும் பிள்ளைகளுக்கு ஓடியபடியே உயர உதைப்பது இயல்பாகிவிடுகிறது. அமெரிக்கக் கல்லூரிகள் அதற்காகவே அவர்களைத் தேடுகின்றன. அங்கே ஆடுவது வேறொரு புட்போல். தலைக்கவசம் போட்டு, பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு முட்டி மோதி ஓடுவது. முன்னேற முடியாமல் நின்றுவிட்டால் பந்தைத் தூரத்துக்கு உதைத்து அனுப்புவதற்கென்றே அணிக்கு ஒருவன் இருப்பான். ஒரே ஒருவன். அந்த ஒருவனாவதற்கு மெல்பேர்னில் பயிற்சி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பல்கலைக்கழக இடத்தை ஒரு வருடம் தள்ளிவைத்துவிட்டு என் மகன் போனான். காலையில் பயிற்சி. மாலையில் கிடங்கு ஒன்றில் பெட்டி தூக்கும் வேலை. பத்தொன்பது வயது.

ஒரு சனிக்கிழமை காலை, அவன் சிட்னி வந்திருந்தபோது, எங்கள் குசினி மேசையில் வைத்த கணினியில் அமெரிக்கப் பயிற்சியாளர் ஒருவர் தோன்றினார். அங்கே வெள்ளி பின்னேரம். சிறிய ஊர், சிறிய கல்லூரி. வெயிலில் சிவந்த முகம், நல்ல சிரிப்பு. படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கல்லூரியே பார்த்துக்கொள்ளும், வா என்றார். என் மகன் அந்த இடத்திலேயே சரி என்றான். குரல் உடைந்துபோய் வந்தது. நான் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்த கேத்தல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போது என் கணவர் ஒரு கேள்வி கேட்டார். அமெரிக்காவில் இப்போது கல்லூரி ஆட்டக்காரர்கள் விளம்பரங்களில் தோன்றிப் பணம் வாங்கலாம் என்று எங்கேயோ வாசித்திருந்தார். "இந்த விளம்பரக் காசு எங்கட மகனுக்கும் வருமோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் மனதில் இருந்தது மாணவர் விசா. அந்த விசாவில் போகிறவன் தெரியாத்தனமாக ஒரு காசை வாங்கி, திருப்பி அனுப்பப்பட்டுவிடுவானோ என்ற பயம். எங்கள் விசாக் கடிதங்களை ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்த மனிதர். ஆனால் விசா என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. காசைப் பற்றி மட்டும் கேட்டார்.

பயிற்சியாளரின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. போன வருடம் தன்னிடம் இருந்த உதைப்பவனை ஒரு பெரிய கல்லூரி அந்தக் காசைக் காட்டியே கொண்டுபோனது என்றார். இப்போதெல்லாம் பிள்ளைகள் தன்னிடம் தலையாட்டிவிட்டு, அதை வைத்து மற்ற இடங்களில் விலை பேசுகிறார்களாம். அதனால் ஒன்று மட்டும் செய், எங்கள் கல்லூரி நிறச் சட்டையோடு இணையத்தில் ஒரு படம் போட்டு, வருகிறேன் என்று எல்லாருக்கும் சொல்லிவிடு. பத்து நாளில் இடம் உறுதி என்ற கடிதம் அனுப்புகிறேன் என்றார்.

அழைப்பு முடிந்ததும் மகன் போனை எடுத்தான். நான் அவன் கையைப் பிடித்தேன்.

"இப்ப போடாதை தம்பி."

"ஏன் அம்மா? கோச் போடச் சொன்னவர்."

"கடிதம் கையில வரட்டும். விசா வரட்டும். பிறகு ஊருக்கே சொல்லுவம்."

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ போஸ்ட்."

"நாவூறு பொல்லாதது. நாலு பேற்றை வாய் பட்டால் காரியம் கலைஞ்சிடும். உனக்கு விளங்காது."

"அப்பா, சொல்லுங்கோவன்!"

என் கணவர் தேத்தண்ணியை ஊதிக்கொண்டே, "அம்மா சொல்றதைக் கேளன். பத்து நாள்தானே" என்றார்.

நாங்கள் அப்படித்தான். நல்லது எதையும் முடியும் முன் சொல்வதில்லை. இலங்கையை விட்டு வந்தபோது பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லவில்லை. விமானம் ஏறிய பிறகுதான் என் அம்மா போய்ச் சொன்னார். இவன் வயிற்றில் இருந்தது நான்காம் மாதம்வரை யாருக்கும் தெரியாது. வீடு வாங்கியதைச் சாவி கிடைத்த பிறகே சொன்னோம். சொல்லிவிட்ட காரியம் கலைந்துபோவதை நாங்கள் கண்டிருக்கிறோம், அல்லது கண்டதாக நம்பியிருக்கிறோம். இரண்டும் எனக்கு இன்றுவரை ஒன்றாகத்தான் இருக்கிறது.

அந்த வாரம் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் தெரிந்த அன்ரி ஒருவர் பிரசாதத் தட்டோடு என்னை மறித்தார்.

"மகன் இப்ப என்ன செய்யிறார்?"

"சும்மா அன்ரி. மெல்பேர்னில ஏதோ கோர்ஸ் ஒண்டு."

"இன்னும் பந்துதான் அடிச்சுக்கொண்டு திரியிறாரோ?"

"ஓம், என்ன செய்யிறது!"

காருக்கு நடந்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். எவ்வளவு அழகாக மறைத்துவிட்டேன். அந்தக் கோயிலில் முருகனும் நானும் மட்டும் அறிந்த செய்தி.

பத்தாம் நாள், விடுப்பில் இன்னும் சிட்னியிலேயே இருந்த மகன் என்னை வேலையிலிருந்து கூட்டிப்போக வந்தான். பரமட்டாவுக்குப் பக்கத்து மருத்துவமனையொன்றின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. காரில் ஏறினேன். அவன் இயந்திரத்தை இயக்கவில்லை. போனை என் மடியில் வைத்தான்.

பயிற்சியாளர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். உனக்கு வேறு வாய்ப்புகள் இருப்பது எனக்கு விளங்குகிறது. நீ காத்திருக்கும் தொகை உனக்குக் கிடைக்கட்டும். எங்கள் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம். அந்த வேறொருவன் மெல்பேர்னில் இவனோடு பயிற்சி எடுத்தவன். கேட்ட அன்றே சட்டையும் சிரிப்புமாகப் படம் போட்டுவிட்டான்.

"என்ன தொகை?" என்று கேட்டேன்.

"நான் ஷொப்பிங் செய்யிறனாம் அம்மா. மற்ற கொலிஜ் எல்லாத்திட்டையும் விலை கேட்டுக்கொண்டிருக்கிறனாம்."

"நீ போன் எடுத்துச் சொல்லன். அம்மாதான் வேண்டாமெண்டவ எண்டு சொல்லு."

"எடுத்தனான். சொறி எண்டவர். ஒரு டீமுக்கு ஒரு ஆள்தான்."

"நாவூறுக்குப் பயந்தனாங்கள் எண்டு..."

"ஹவ் டு ஐ ஸே தட், அம்மா?"

வாகனத் தரிப்பிடத்தில் யாரோ எங்கள் இடத்துக்காகக் காத்திருந்து ஹோர்ன் அடித்தார்கள். அவன் காரை எடுத்தான். ஒருவன் வாய் திறக்காவிட்டால் விலை ஏறக் காத்திருக்கிறான் என்று பொருள் கொள்ளும் ஒரு சந்தைக்குள், என் மௌனத்தை ஒரு தாயத்துப்போல அவன் கழுத்தில் கட்டி அனுப்பியிருக்கிறேன்.

பிறகு விசாரித்தபோது தெரிந்தது, மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு அந்த விளம்பரக் காசு வாங்குவது எப்படியும் லேசான காரியமில்லையாம். கையில் எட்டுவதே கடினமான காசுக்குப் பேரம் பேசியவனாக என் பிள்ளை தள்ளப்பட்டான். அந்தப் பருவத்தில் மற்ற அணிகளும் நிரம்பிவிட்டிருந்தன. மெல்பேர்ன் அறையைக் காலிசெய்துவிட்டு வந்து பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். நன்றாகத்தான் படிக்கிறான். எல்லாரும் அதைத்தான் என்னிடம் சொல்கிறார்கள்.

ஏழெட்டு மாதம் கழித்து, மதிய இடைவேளைகளில் சிறிது சிறிதாக, அந்தப் பயிற்சியாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். என் மகன் விலை பேசவில்லை, காத்திருக்கச் சொன்னது நான், எங்கள் ஆட்கள் நல்ல செய்தியை இப்படித்தான் காப்பாற்றுவார்கள். இடம் கேட்கவில்லை. அவர் என் மகனை வேறுவிதமாக நினைக்கட்டும் என்பதற்காக. அனுப்பிய மறு நிமிடமே தானியங்கிப் பதில் வந்தது: அவர் இப்போது இங்கே பணிபுரிவதில்லை.

மகன் துவைத்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தான். சொன்னேன். போனில் தேடிப் பார்த்துவிட்டுப் பெரிதாகச் சிரித்தான்.

"பெரிய கொலிஜ் ஒண்டுக்குப் போட்டார் அம்மா. கூடச் சம்பளமாம்."

பிறகு, "என்ன எழுதினீங்கள்? வாசியுங்கோ" என்றான். வாசித்தேன். பிழை முழுவதும் என்னுடையது என்ற வரியில் நிறுத்தச் சொன்னான்.

"அது சரியில்லை. போன் என்ரை கையிலதான் இருந்தது. ஒரு செக்கன் வேலை. நான்தான் போடேல்ல."

"ஏன் போடேல்ல?"

"நீங்கள் பயந்தனீங்கள்" என்றான், சேட்டின் கையை மடித்தபடி. "அந்த முகத்தோட உங்களை விட்டிட்டுப் போக விருப்பமில்லை."

அவன் என்னைக் குற்றம் சொல்லியிருக்கலாம். அதற்கு நான் ஆயத்தமாக இருந்தேன். போர்வையின் ஒரு முனையை என்னிடம் நீட்டினான். பிடித்துக்கொண்டேன்.