சிலிபினிலிருந்து தைப்பிங்: காடிக்குள் நல்ல காற்று

காலை எட்டு மணிக்கு ஈப்போவின் சிலிபினில் வீட்டைப் பூட்டினோம். பூட்டியதை நான் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். அது என் வழக்கம். தைப்பிங்கில் வேலை செய்யும் எங்கள் மகள் மலர் புதிதாக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறாள். அங்கே மத்தியானச் சாப்பாடு. பழைய சாலையில் போனால் எண்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தூரம் பெரிய விஷயமில்லை. என் மனைவி சரோஜா பல மாதங்களுக்குப் பிறகு என் காரில், எங்கள் பேச்சில் காடியில், ஏறுகிறாள், அதுதான் விஷயம்.

அவளுக்கு இழுப்பு உண்டு. வெளியில் நன்றாக இருப்பவள், என் காடியில் உட்கார்ந்து கொஞ்ச தூரம் போனால் இருமத் தொடங்கிவிடுவாள். அதனால் மகளைப் பார்க்கப் பஸ்ஸிலேயே போய்வந்தாள்.

"இன்னிக்கு வாரேன். நெஞ்சு அடைச்சுச்சுன்னா திரும்பி வரும்போது பஸ்தான். அப்புறம் என்னைக் கூப்புடக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்தினாள்.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். புல் வெட்டுவது தொழில். இயந்திரம் என்றால் எனக்குப் பயமில்லை, பயமெல்லாம் மற்றவற்றில்தான்.

முதல் நிறுத்தம் ஜெலாப்பாங், உதிரிபாகக் கடை. ஏர்கோன் காற்றை வடிகட்டும் பில்டர் இருபத்தெட்டு வெள்ளி. பயணி இருக்கைக்கு முன்னால் உள்ள சின்னப் பெட்டியைக் கழற்றினால் அதன் பின்னால்தான் அது இருக்கிறது. வெளியே நின்று குனிந்தபடியே பழையதை உருவினேன். காய்ந்த இலையும் கறுப்புத் தூசியுமாக வந்தது. கடை முதலாளி தவுக்கே மூக்கைப் பொத்திக்கொண்டார். புதியதைச் சொருகினேன்.

இன்னொன்றும் செய்தேன். புகைமூட்டக் காலத்தில் வெளிக்காற்று வராமல் அடைக்கும் பொத்தானை அமுக்கியிருந்தேன். புகை போன பிறகும் திறக்கவில்லை. வெளியே லாரி, வெளியே தூசி, எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன். உள்ளே இருந்த காற்றே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. இப்போது திறந்துவிட்டேன். வேலை முடிந்தது என்று நம்பினேன்.

செம்மோர் தாண்டியதும் சுண்ணாம்புக் குன்றுகள். ரப்பர் நின்ற நிலத்தில் இப்போது செம்பனை வரிசை வரிசையாக ஓடுகிறது. தோட்டத்து வீடுகள் போய்விட்டன, கோயில் மட்டும் புதுச் சாயத்தோடு நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் சத்தம் கேட்டது.

"இருமுனியா?"

"தொண்டையச் செருமுனேன்லா. ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

சுங்கை சிப்புட் எல்லையில் நிஜமான இருமலே வந்துவிட்டது. சாலையோர உணவுக்கடை ஒன்றின் முன்னால் நிறுத்தினேன். சரோஜா கைப்பைக்குள் மருந்தைத் தேடியபோது, செருப்பில்லாத கால் ரப்பர் விரிப்பை விட்டு விலகித் தரைமெத்தையில் பட்டது.

"ஏங்க, கீழே ஈரமா இருக்கு. காலு எப்பவும் சில்லுன்னு இருக்கும். ஏர்கோன்னு நெனச்சுக்கிட்டேன்."

இந்தக் காடி வாங்கிய நாளிலிருந்து நான் அந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. ஓட்டுகிறவன் பக்கம் காய்ந்துதான் கிடக்கிறது! விரிப்பைத் தூக்கினேன். மெத்தையெல்லாம் கறுப்புப் பூஞ்சை. இருக்கைக்கு அடியில், கரப்பான் வராமலிருக்கவும் வாசத்துக்கும் நான் வாராவாரம் சொருகிய பாண்டான் இலைக்கட்டுகள். மேலே உள்ளது பச்சை, அடியில் உள்ளது கூழ்.

மருந்தை இழுத்துவிட்டு வெளியே நின்ற சரோஜாவுக்கு நாற்காலி கொண்டுவந்த கடைக்காரர் காதர் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, காடிக்குள்ளயே பாண்டான் போட்டு நாசி லெமாக் சோறு ஆக்குறீங்களா?"

"அரிசி மட்டுந்தான் பாக்கி" என்றாள் சரோஜா. மூச்சு சீராகிவிட்டது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

பக்கத்தில் வந்து நின்ற காடிக்கு அடியில் ஏர்கோன் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என் காடிக்கு அடியில் தரை காய்ந்து கிடந்தது. வெளியே போகவேண்டிய தண்ணீர் உள்ளேயே இறங்குகிறது, அவ்வளவுதான். இன்ஜினை நிறுத்திவிட்டு அடியில் படுத்தேன். வடிகால் குழாயின் வாய் மண்ணால் அடைத்திருந்தது. புல் வெட்டும் நைலான் கயிறு எப்போதும் பின்பெட்டியில் இருக்கும். அதில் ஒரு துண்டை விட்டு மெதுவாகக் குடைந்தேன். பழுப்புத் தண்ணீர் சட்டைமேல் கொட்டியது. அதைப் போல ஒரு சந்தோஷம் சமீபத்தில் இல்லை.

"பாயி, பழைய பேப்பர் இருக்கா? கார்பெட் பூரா ஈரம், பாசாலா!"

காதர் ஒரு கட்டே கொடுத்தார். ஈரத்தை ஒற்றி எடுத்தோம். பாண்டானும், ஏர்கோன் முன்னால் நான் மாட்டியிருந்த வாசனைப் புட்டியும் குப்பைக்குப் போயின. நான்கு கதவையும் திறந்து வெயிலில் காயவிட்டுத் தே தாரிக் தேநீர் குடித்தோம், கிளாஸ் இரண்டு வெள்ளி. பிறகு கண்ணாடியை இறக்கியபடியே கோலகங்சார், புக்கிட் கந்தாங் தாண்டி ஒரு மணிக்குத் தைப்பிங் சேர்ந்தோம். சாப்பிட்ட கையோடு மெத்தையை வினிகர் போட்டுத் துடைத்து, மலரின் மேசைக் காற்றாடியை வைத்து நாலரை மணிவரை ஓடவிட்டேன்.

கிளம்பும் நேரம் தைப்பிங் மழை பிடித்துக்கொண்டது. மலர் சொன்னாள்: "அம்மா இருந்துட்டு நாளைக்கு பஸ்ல வரட்டும்பா. இந்த மழையில கண்ணாடியத் திறக்க முடியாது. மறுபடியும் இழுத்துச்சுன்னா?"

சரோஜா காடிக்குள் தலையை விட்டு மூச்சை இழுத்துப் பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

கண்ணாடி மூடியபடி ஒரு மணி நேரம்.

"சரோ, சரியா இருக்கா?"

"நீங்க கேக்காம இருந்தா சரியா இருக்கும்லா."

கோலகங்சார் வந்தபோது தூங்கிப்போயிருந்தாள். அதற்கும் பயந்தேன். வானொலியை அணைத்துவிட்டு அவள் மூச்சைக் கேட்டேன். விசில் இல்லை, கரகரப்பு இல்லை.

தைப்பிங்கின் ஏரியையும் மழை கழுவிய காற்றையும் எல்லோரும் புகழ்கிறார்கள். நல்ல காற்றுதான். ஆனால் நாங்கள் வாழ்வது ஈப்போவில், லாரிப் புகைக்கு நடுவில். அன்று எனக்கு ஒரு இருக்கை அளவு நல்ல காற்று போதுமாயிருந்தது.

ஜெலாப்பாங் விளக்குகள் தெரிந்தபோது கண் விழித்தாள். வெளியே மழை விட்டிருந்தது.

"அதுக்குள்ள வந்துருச்சா?" என்றாள். "இன்னும் கொஞ்சம் சுத்திட்டுப் போலாங்க."

சிலிபின் திருப்பத்தைத் தாண்டி நேராகவே ஓட்டினேன்.